கேட்கக் கூடாத நெருப்பு

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பட்டினி கிடப்பதற்கும் வாத்தியார் வேண்டியிருக்கிறது. சும்மா கிடந்தால் போதாதாம், தொப்பி போட்ட ஒருத்தன் பக்கத்தில் நின்று விசில் ஊத வேண்டுமாம். செபெகோ கிழவர் இதைத் தன் மாடுகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

அவருடைய மாட்டுக்கிடைக்குக் கூப்பிடு தூரத்தில், மோப்பானி மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டிருந்தார்கள். தலைநகர் கபரோனில் வங்கி வேலை பார்க்கிறவர்கள். காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் எப்படிப் பிழைப்பது என்று பயிற்சி. தேறுகிறவருக்குத்தான் மவுன் நகரத்துக் கிளையின் மேலாளர் நாற்காலி. அதற்கு ஆசைப்பட்டு வந்தவர்களில் ஒருத்தி செபெகோவின் மகள் கொராடா. இதே கிடையில் ஆடு மேய்த்து வளர்ந்தவள். "அப்பா, அந்தப் பக்கம் வந்துடாதீங்க. வெளியாள் கையால ஒரு வாய் தண்ணி வாங்கினாலும் என்னைக் கழிச்சிடுவாங்க" என்று போனிலேயே சொல்லியிருந்தாள். அப்பன் வெளியாளாகிவிட்டான். சரி என்று அவரும் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் பயிற்சியின் கடைசி நாள் விடிந்தும் அங்கே புகை எழவில்லை. புகை எழாத கிடைக்கு அக்கம்பக்கத்தார் நெருப்போடு போய்ப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். யாராவது நோயில் கிடக்கலாம், செத்தும் கிடக்கலாம். போய்ப் பார்க்காதவன் மனுஷனில்லை. கொண்டுவந்த நெருப்பை வேண்டாம் என்கிறவன் பகையாளி. செபெகோ ஓட்டைத் தகர டப்பாவில் தணலை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

யாரும் சாகவில்லை. கொராடா முழங்காலில் நின்று, தீப்பெட்டி இல்லாமல் நெருப்பு உண்டாக்க ஒரு குச்சியைக் கட்டைமேல் ஊன்றி உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மற்றவர்கள் தோற்றுப்போய் நிழலில் உட்கார்ந்து இவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளன் மொலேஃபி கேஸ் அடுப்பில் தனக்கு மட்டும் தேநீர் போட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் இந்த வித்தையை ஒருமுறை செய்து காட்டினால் எல்லாருக்கும் பாடமாக இருக்கும் என்றான்.

"எனக்கு எதுக்குப்பா அது? எங்கிட்ட தீப்பெட்டி இருக்கு. நனைஞ்சுபோனா பக்கத்துக் கிடையில கேட்பேன்."

"பக்கத்துல யாருமே இல்லேன்னா?"

"அப்படி ஒரு இடத்துல எனக்கு என்ன வேலை?"

சிரித்தவர்களை மொலேஃபி முறைத்தான். டப்பாவிலிருந்து ஒரு தணல் மகள் பக்கம் போனாலும் நாற்காலி போச்சு என்றான். செபெகோ மகளைப் பார்த்தார். அவள் குச்சியை விடவில்லை, தலையும் நிமிரவில்லை.

"எடுத்துட்டுப் போங்கப்பா."

பகையாளிகூட அவரிடம் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. ஆனாலும் அவர் போகவில்லை. டப்பாவோடு தள்ளிப்போய் ஒரு புற்றோரம் குந்திவிட்டார்.

வெயில் ஏறின பிறகு, குச்சி தேய்ந்து உதிர்ந்த கரித்தூளில் ஒரு பொறி விழுந்தது. காய்ந்த புல்லில் பொத்தி ஊதினாள், பற்றிக்கொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள். மொலேஃபி கைகுலுக்கினான். குலுக்கின கையோடு வாளித் தண்ணீரை எடுத்து அந்த நெருப்பின்மேல் கொட்டினான். காட்டில் நெருப்பை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது கடைசிப் பாடமாம். பிறகு வண்டியிலிருந்து ரொட்டியும் டப்பா மீனும் இறங்கின.

கொராடா கொப்புளக் கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "தேறிட்டேன்பா. மவுன் எனக்குத்தான்."

அவருக்கும் சந்தோஷம்தான்; பெற்ற பெண் நாற்காலியில் உட்கார்ந்தால் கசக்குமா?

"சரி. அந்த நெருப்புல யாரு குளிர்காய்ஞ்சா? யாரு கஞ்சி காய்ச்சினா?"

"அது பரீட்சைப்பா. சமையல் இல்ல."

"கையப் புண்ணாக்கிக்கிட்டு, பக்கத்துல கேக்காம இருக்கக் கத்துக்கிட்ட. மவுன்ல உன் வீட்ல புகை வரலேன்னா யாரு வந்து பாப்பா?"

மவுனில் எல்லார் வீட்டிலும் மின்சார அடுப்புதான் என்றாள் அவள்.

செபெகோ டப்பாவைக் கிளறிப் பார்த்தார். அடியில் தணல் இன்னும் கிடந்தது. ஊதிக்கொண்டே கிடைப்பக்கம் நடந்தார். குழுப்படத்துக்கு எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொல்லி மொலேஃபி விசில் ஊதினான். பெரியவரையும் கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை.