ஓரத்துப் பெயர்கள்

ஆம்பூர் கடைத்தெருவில் இருக்கும் சமீருல்லாவின் ஃப்ரேம் கடைக்குள் ஜாஸ்மின் நுழைந்தபோது, கம்பெனி ஃப்ரேம் போட அனுப்பியிருந்த, அவள் தைத்த பூத்தையல் துணி மேசைமேல் விரிந்து கிடந்தது. அதன் நான்கு பக்கமும் பென்சிலால் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல்.

"இன்னா பாய் இது? கோடு எதுக்கு?"

சமீருல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோட்டுக்கு வெளியில இருக்கறத வெட்டிட்டு, மீதிய அட்டையில ஒட்டச் சொல்லி கம்பெனியிலேர்ந்து ஃபோன் வந்துச்சும்மா. படம் மட்டும் இருந்தா போதுமாம். ஓரத்துல இருக்கற எழுத்து வேணாமாம்."

ஓரத்தில் இருந்தவை பெண்களின் பெயர்கள். ஜாஸ்மின் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் தையல் பிரிவில், அவளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைக்கும் பெண்கள். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் பையர்கள் வரப்போகிறார்கள், வரவேற்பு அறையில் மாட்ட நம் பெண்கள் கையால் செய்த பொருள் ஏதாவது வேண்டும் என்று எச்.ஆர். அதிகாரி சூரியபிரகாஷ் ஒருநாள் வந்து கேட்டார். ஜாஸ்மின் கையைத் தூக்கினாள். கம்பெனி பஸ் காலையில் மாதனூர் நிறுத்தத்தில் நிற்பதையும், டிபன் பையோடு பெண்கள் முண்டியடித்து ஏறுவதையும், பின்னால் மலை வெளுத்துக்கொண்டு வருவதையும் அவள் தைத்தாள். படம் முடிந்ததும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊசியை ஒவ்வொருத்தியிடமும் நீட்டினாள். அவரவர் பெயரை அவரவரே ஓரத்தில் தைத்தார்கள். சில பெயர்கள் கோணின. வாணியம்பாடி அஃப்ரோஸ் உருதுவில் தைத்தாள். ஷர்மிளா மட்டும் எல்லோரையும்விடப் பெரிய எழுத்தில், சிவப்பு நூலில் தைத்தாள்.

அதற்குப் பிறகுதான் ஷர்மிளாவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

தையல் பிரிவில் கழிவறைக்குப் போக டோக்கன் வேண்டும். வரிசைக்கு ஒரே ஒரு டோக்கன். போனவள் திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். ஒருநாள் அஃப்ரோஸ் அடக்க முடியாமல் கண்ணில் நீரோடு நின்றபோது, சூப்பர்வைசர் அவளை உட்காரச் சொன்னான். ஷர்மிளா எழுந்தாள். அஃப்ரோஸின் கையைப் பிடித்து டோக்கன் இல்லாமலேயே கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும், அதற்குள் சூப்பர்வைசர் மேசைக்குத் திரும்பி வந்திருந்த டோக்கனை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினாள். மறுநாள் கேட்டில் அவளை உள்ளே விடவில்லை.

கத்தரிக்கோல் யார் பெயருக்காக வந்திருக்கிறது என்று ஜாஸ்மினுக்குப் புரிந்தது. துணியை மடித்துத் தன் பையில் வைத்தாள்.

"அய்யோ, கம்பெனி பொருளும்மா அது! நான் இன்னா பதில் சொல்றது?"

"ஜாஸ்மின் வந்து எடுத்துட்டுப் போய்ட்டான்னு சொல்லுங்க. பொய் சொல்ல வேணாம் பாய்."

சமீருல்லா சுவரில் சாய்த்திருந்த ஃப்ரேம் சட்டங்களில் கறுப்பாக ஒன்றை உருவினார். "என் கடை வேலையில முக்கால்வாசி அவங்களுது. உனக்கு நான் ஃப்ரேம் போட்டுத் தர முடியாது. ஆனா சட்டத்த அளவுக்கு வெட்டித் தர்றேன். மூலை சாய்வா வெட்ட வீட்டுல மிஷின் இருக்காது, இல்ல?"

ஓரத்தையும் சேர்த்து அளந்து வெட்டச் சொன்னாள். அளவுக்கு ஒரு கண்ணாடியும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே ஆபீசுக்கு அழைப்பு வந்தது. சூரியபிரகாஷ் உட்காரச் சொல்லவில்லை.

"கம்பெனி பொருள கடையிலேர்ந்து எடுத்துட்டுப் போயிருக்கீங்க. இது திருட்டும்மா."

"துணி என்னுது சார். நூலும் என்னுது. ராத்திரி பகல்னு தச்சது நானு. கம்பெனி குடுத்தது யோசனை மட்டும்தான்."

அவர் குரலை மாற்றிக்கொண்டார். "சரி, எல்லா பேரும் போக வேணாம். ஒரே ஒரு பேரு. வேலையில இல்லாத ஆளு பேரு நம்ம சுவத்துல எப்படி இருக்கும்? பையர் ஆளுங்க கூட மொழிபெயர்க்கற ஆளும் வருவாரு. யாரு இவங்க, கூப்பிடுங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"டோக்கன் இல்லாம பாத்ரூம் போனாங்க, அதனால அனுப்பிட்டோம்னு சொல்லுங்க."

சூரியபிரகாஷ் பேனாவை மேசைமேல் வைத்தார். "நல்ல வேலைக்காரின்னு உங்களுக்கு இங்க பேரு இருக்கு. அத கெடுத்துக்காதீங்க."

"பேரக் கெடுக்க வேணாம்னுதான் சார் நானும் சொல்றேன்" என்றாள் ஜாஸ்மின். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் கணவன் வசந்த் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சண்டை என்றால் ஒதுங்கிப் போகிற சுபாவம்.

"குடுத்துத் தொலைச்சிட வேண்டியதுதான? துணிக்காக வேலைய விடுவியா?"

"வேலைய நான் விடல. அவங்கதான் பேர விடச் சொல்றாங்க. உன் பேர வெட்டி எறின்னு சொன்னா நீ சும்மா இருப்பியா?"

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பியதும், வசந்த் பழைய கட்டிலின் பிளைவுட் பலகையை அவனாகவே எடுத்துவந்து, அளவு கேட்டு அறுத்துக் கொடுத்தான்.

முதலில் பென்சில் கோட்டைப் போக்க வேண்டியிருந்தது. ஜாஸ்மின் சோப்பு நுரையை விரலில் தொட்டு, கோட்டின்மேல் மட்டும் மெதுவாகத் தேய்த்தாள். சிவப்பு நூல் சாயம் விடுமோ என்று பயம். நல்லவேளை, விடவில்லை. குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தாள். லேசான ஈரம் இருக்கும்போதே கனமான துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் துணியைக் குப்புற வைத்துப் பின்பக்கமாக இஸ்திரி போட்டாள். நேராகப் போட்டால் தையல் நசுங்கி, பஸ்ஸும் பெண்களும் தட்டையாகிவிடுவார்கள்.

பலகையின் கறை துணியில் ஏறாமல் இருக்க, வசந்தின் பழைய வேட்டியைக் கிழித்துப் பலகைமேல் சுற்றினாள். அதன்மேல் பூத்தையலை வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் முதல் குண்டூசியைக் குத்தி, அங்கிருந்து மூலையை நோக்கிக் குத்திக்கொண்டே போனாள். பின்பக்கம் திருப்பி, மடிந்த துணியின் இரு விளிம்புகளையும் தடித்த நூலால் ஷூவுக்கு லேஸ் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி இழுத்தாள். ஆத்திரத்தில் இழுத்த இழுப்பு ஜாஸ்தியாகிவிட்டது. திருப்பிப் பார்த்தால் பஸ்ஸின் கூரை வளைந்து, ஏறுகிற பெண்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள்.

"விபத்து ஆன மாதிரி இருக்குது" என்றான் வசந்த்.

ஜாஸ்மினுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நூலை மொத்தமாக அவிழ்த்தாள்.

அவள் மறுபடியும் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோதுதான் ஷர்மிளா வாசலில் செருப்பைக் கழற்றினாள். அவள் இப்போது ஆம்பூரில் ஒரு டெய்லர் கடையில் ஜாக்கெட் தைக்கிறாள். அஃப்ரோஸ் ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். உள்ளே வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"என் பேர பிரிச்சிடு, ஜாஸ்மின்."

"உக்காருக்கா முதல்ல."

"என்னால உனக்கு இந்தப் பேஜாரு வேணாம். எனக்கு வேற வேலை கெடச்சிடுச்சு. அந்தச் செவுத்துல என் பேரு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?" தரையில் கிடந்த சிறிய கத்தரியை எடுத்துக்கொண்டு துணியின் பக்கம் குனிந்தாள். "நான் தச்சதுதான. நானே பிரிச்சிடுறேன்."

ஜாஸ்மின் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஷர்மிளா இழுத்தாள். ஜாஸ்மின் விடவில்லை.

"வேலையிலேர்ந்து உன்ன எடுத்தது அவங்க. இதுலேர்ந்தும் எடுக்கணும்னா அவங்களே வந்து எடுக்கட்டும். அந்த வேலைய நீ ஏன்க்கா செஞ்சு குடுக்கற?"

ஷர்மிளாவின் கை தளர்ந்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வேலை போன நாளில்கூட அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. வசந்த் எழுந்து டீ போடப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து ஷர்மிளா மூக்கைச் சிந்திவிட்டுத் துணியைக் கூர்ந்து பார்த்தாள். "இழுக்கறது ஒருத்தரால ஆவாது. நீ அந்தப் பக்கம் புடி. பஸ்ஸு நேரா இருக்கான்னு பாத்துக்கிட்டே சொல்லு."

ஒருத்தி பிடிக்க, ஒருத்தி இழுத்தாள். "கம்மி பண்ணு, கம்மி பண்ணு, மலை கோணுது" என்று ஜாஸ்மின் கத்தினாள். மூலைகளில் துணி தடிக்காமல் மடித்து ஷர்மிளா தைத்தாள். சமீருல்லா வெட்டிக் கொடுத்த சட்டங்களை மூலை சேர்த்து ஃப்ரேமாக்கிக் கண்ணாடியைப் பொருத்தினார்கள். கண்ணாடி நூலின்மேல் நேராக உட்காராமல் இருக்க, ஃப்ரேமின் உள்விளிம்பில் மெல்லிய மரத்துண்டுகளை ஒட்டினார்கள். பலகையை உள்ளே இறக்கி, பின்பக்கம் சிறிய ஆணிகளைச் சாய்த்து அடித்து, தூசு போகாமல் பழுப்புத்தாள் ஒட்டினார்கள். நிமிர்த்திச் சுவரில் சாய்த்தபோது ஓரம் முழுவதும் தெரிந்தது. ஒரு பெயர்கூட மறையவில்லை.

"இத எங்க மாட்டப் போற?" என்று வசந்த் கேட்டான்.

"எங்க மாட்டத் தச்சேனோ அங்கதான்."

பையர்கள் வரும் நாளன்று ஜாஸ்மின் ஃப்ரேமைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போனாள். பெண்கள் இடம்விட்டு உட்கார்ந்தார்கள். கேட்டில் வாட்ச்மேன் பூவரசன் குறுக்கே வந்தான். அவனும் மாதனூர்க்காரன்தான். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அவனால்.

"இது உள்ள போகக் கூடாதுன்னு ஆர்டருக்கா. நீ போலாம்."

"சரி. நீ உன் வேலைய செய்யி."

அவள் திரும்பி ரோட்டைக் கடந்தாள். கேட்டுக்கு நேர் எதிரே மரியம்மாளின் டீக்கடை. ஷிப்டு மாறும்போது கம்பெனி ஜனம் மொத்தமும் அங்கேதான் நிற்கும். ஜாஸ்மின் போர்வையை விலக்கிக் காட்டினாள். மரியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்ததும் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றினாள்.

"ஆணி கெட்டியா இருக்குது. மாட்டு."

பையர்களின் கார் கறுப்புக் கண்ணாடியோடு வந்தது, உள்ளே போனது. அவர்கள் டீக்கடைப் பக்கம் திரும்பவே இல்லை. வரவேற்பு அறையில் வேலூர்க் கோட்டைப் படம் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார்கள். ஆனால் சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் டீக்கடை முன்னால் ரோடே அடைத்துக்கொண்டது. பெண்கள் கண்ணாடிமேல் விரலை வைத்துத் தங்கள் பெயரைத் தேடினார்கள். அஃப்ரோஸ் ஷர்மிளாவின் பெயரைத் தொட்டு ஃபோனில் படம் எடுத்து அவளுக்கே அனுப்பினாள்.

அடுத்த வாரம் ஜாஸ்மினைத் தையல் பிரிவிலிருந்து பேஸ்டிங் பிரிவுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே பசை தடவும் வேலை. வாடையில் முதல் நாளே தலை சுற்றியது. வேலையைவிட்டு அவளே போய்விடுவாள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மறுநாளும் வந்தாள், அதற்கு அடுத்த நாளும் வந்தாள்.

சூரியபிரகாஷ் ஒருநாள் டீக்கடைக்கே வந்தார். படத்தைக் கழற்றினால் நல்லது என்று மரியம்மாளிடம் சொன்னார்.

"கடை என்னுது, செவுரு என்னுது" என்றாள் மரியம்மாள். "டீ குடிக்கறதுன்னா உக்காருங்க சார். சக்கரை கம்மியா, ஜாஸ்தியா?"

அவர் டீ குடிக்காமல் போனார்.

பேஸ்டிங் பிரிவில் சங்கீதா என்று ஒரு புதுப்பெண் இருந்தாள். கலவை என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து, பெண்கள் விடுதியில் தங்கி வேலை செய்கிறவள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். ஒரு சாயங்காலம் டீக்கடையில் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு ஜாஸ்மினிடம் வந்தாள்.

"அக்கா, இதுல என் பேரையும் தைக்க முடியுமா? இல்ல, மூடிட்டதால முடியாதா?"

"ஏன் முடியாது? நாங்க மூடுனதுதான" என்றாள் ஜாஸ்மின்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃப்ரேமைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஷர்மிளா பழுப்புத்தாளைக் கிழித்தாள். வசந்த் ஆணிகளைப் பிடுங்கினான். ஜாஸ்மின் பின்பக்கத்து நூலை அவிழ்த்துத் துணியை மடியில் விரித்து, கீழ் ஓரத்தில் இடம் காட்டினாள்.

"நல்லாப் பெருசாவே தை" என்று சொல்லி ஊசியைச் சங்கீதாவின் கையில் கொடுத்தாள்.