தண்டனை கேட்டு அலைந்த பவுசர் டிரைவர்

"நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லுங்க மிஸ்!"

"ஒரு தப்பும் செய்யல அண்ணே. அதுதான் பிரச்சினை."

"அப்ப செஞ்சேன்னு எழுதுங்க!"

எங்கள் பிரதேச சபைக் கட்டடத்தில் நூலகத்தையும் அலுவலகத்தையும் பிரிப்பது ஒரு பலகைத் தட்டிதான். நான் இந்தப் பக்கம் பத்திரிகைகளுக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கத்தியவர் தனபாலன், பத்தொன்பது வருஷமாகச் சபையின் தண்ணீர் லாரியான பவுசரை ஓட்டியவர். பதில் சொன்னவர் ஊழியர் ஃபைல்களைப் பார்க்கும் சுதர்சினி.

விஷயம் இதுதான். தனபாலனுக்கு இடது காது கேட்கவில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். டிரைவர் வேலையிலிருந்து இறக்கினார்கள். கீழே ஒரே ஒரு இடம்தான் காலி: டெலிபோன் எடுக்கிற வேலை. காது கேட்காது என்று இறக்கியவரை டெலிபோனில் உட்கார வைத்தார்கள். கடிதத்தில் "இது தண்டனை அல்ல" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"தண்டனைன்னா விசாரணை இருக்கு, அப்பீல் இருக்கு. ரஸீன் டிராக்டரை மதில்ல மோதித்தான் டிமோஷன் வாங்கினான். ஒரு வருஷத்துல திரும்பி வந்து இப்ப என் பவுசரை ஓட்டுறான். ஒண்ணுலயும் மோதாத எனக்கு வழியே இல்லையா?"

"உங்க மேல யாருக்கும் கோவமே இல்லையே அண்ணே. யாருகிட்ட அப்பீல் பண்றது?"

அன்றிலிருந்து தனபாலன் தண்டனை தேட ஆரம்பித்தார். பத்து மணிக்கு வந்தார். சுதர்சினி "களைப்பு" என்று குறித்தார். மேசையில் படுத்துத் தூங்கினார். அதையும் சுதர்சினி "தலைச்சுற்று" என்று குறித்தார். எல்லாம் மெடிக்கல் ஃபைலுக்கே போனது. பிறகு டெலிபோன் எடுப்பதை நிறுத்தினார். வலது காது அவருக்கு நன்றாகவே கேட்கும். டீ குடிக்கப் போனபோது நானே பார்த்தேன்: மணி அடிக்கிறது, மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு, "அடி, நல்லா அடி," என்கிறார்.

அப்படியும் யாரும் முறைப்பாடு செய்யவில்லை. கட்டுகஸ்தோட்டையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும், அண்ணன் முறையில் எல்லாரும் 'நானா' என்று கூப்பிடும் அஸ்ஃபரிடம் தனபாலன் போனார்.

"நானா, என் மேல ஒரு பெட்டிஷன் போடுங்க. காரமா எழுதுங்க."

"தண்ணி இல்லாத நேரம் கொண்டு வந்து தந்த மனிசனுக்கு நான் எப்பிடி பெட்டிஷன் போடுற?"

கெஞ்சியதில் எழுதினார். ஆனால் மனசு கேட்கவில்லை. "நாலு தரம் போன் பண்ணியும் எடுக்கவில்லை. தங்கமான மனிதர். பாவம், மணி அடிப்பது அவருக்குக் கேட்பதில்லை. கோபிக்க வேண்டாம்."

சபைச் செயலாளர் அதைப் படித்தார். டெலிபோன் வேலையும் முடியாது, அதற்குக் கீழே வேலையே கிடையாது. ஆகவே மருத்துவக் காரணத்தில் வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவானது. பதினான்காம் தேதி மெடிக்கல் போர்ட். தனபாலனுக்கு வயது ஐம்பத்தொன்று. மகள் பிரேமிளா இன்னும் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதவில்லை.

அஸ்ஃபர் ஓடிவந்தார். "மிஸ், நான் அத வாபஸ் வாங்குறேன்."

"பெட்டிஷனை வாபஸ் வாங்கலாம் நானா. அனுதாபத்தை வாபஸ் வாங்க நிரப்பிக் கொடுக்கிற ஃபோம் இல்லையே."

"எனக்குக் கேட்டிச்சு மிஸ், வேணும்னுதான் எடுக்கல!" என்று தனபாலன் சத்தியம் செய்தார். வேலையைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார், பாவம் என்று எல்லாரும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இப்போது நான்தான் ஒரே சாட்சி. இந்த மனிதர் வேண்டுமென்றே கடமை தவறினார் என்று அவருக்கு ஆதரவாக ஒரு கடிதம் எழுதப்போகிறேன். அதை மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவதா, விசாரணை அதிகாரிக்கா? இப்படி எழுதி யாருக்காவது வேலை மிஞ்சியிருக்கிறதா? தெரிந்தவர்கள் பதினான்காம் தேதிக்கு முன் கீழே பதில் போடுங்கள்.