பற்றரி இறங்கிய படத்துக்கு ஒரு தீர்மானம்

1

முதலில் ஒரு பாவமன்னிப்பு. இந்தக் கதையில் வரும் படத்தை நான் பார்க்கவே இல்லை. படம் ஓடிய நேரம் முழுக்க தோட்டத்து லயக் குடியிருப்பின் கூரைத் தகரத்தின்மேல் குந்தியிருந்து, மூங்கிலில் கட்டிய அன்டனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து, "ஆண்டியப்பா, நுவரெலியாப் பக்கம் திருப்பு!" என்பார்கள். திருப்புவேன். "ஐயையோ, அந்தப் பொம்பளைக்கு ரெண்டு மூஞ்சி வந்திருச்சு, பழையபடி வையி!" என்பார்கள். வைப்பேன். அப்படிப்பட்ட நான், மறுநாள் கூட்டத்தில் அந்தப் படத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது முதல் ஆளாகக் கை தூக்கினேன். அன்று தூக்கிய அதே கையால்தான் இப்போது எழுதுகிறேன்.

இந்தக் கதையைத் தொடங்கவே நாலு நாள் போய்விட்டது.

*பனி மூடிய மலைச்சாரலில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்—*

(வேண்டாம். அந்தக் கம்பளத்தில் இறங்கினால் அட்டை கடிக்கும். எழுதுகிறவன் ஒருநாளாவது இறங்கியிருக்க வேண்டும்.)

*கஸ்பர் அவளை எட்டு மாதமாகக் காதலித்தான்—*

(இதுவும் வேண்டாம். தோட்டமே இப்படித்தான் சொன்னது. இந்த வாக்கியத்தின் மேல்தான் வழக்கே.)

*கூட்டத்தின் நடுவே பெற்றீசியா டீச்சர் எழுந்து நின்றாள்—*

(இது சரிதான். ஆனால் இப்போதே நிற்க வைத்தால் பாவம், கால் கடுக்கும். உட்காரட்டும்.)

2

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்து. இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் சொன்னால் இன்றைக்கும் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள். லயங்களில் கரண்ட் கிடையாது. ஆனால் டீவி இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் சோலைமலைக்கு, குவைத்துக்கு வேலைக்குப் போன மகள் மீனம்மா அனுப்பியது. அவர் வீட்டு முன்காம்பராவில், துணி போர்த்தி, சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு உயிர் கொடுத்தது ஒரு கார் பற்றரி. பற்றரியை நோர்வூட்டில் சார்ஜ் பண்ணித் தோளில் சுமந்து மேலே கொண்டுவருகிறவன் கஸ்பர்.

தங்கமான பிள்ளை. குடி கிடையாது, பீடி கிடையாது, ஞாயிறு பூசை தப்பாது. எட்டு மாதமாக அவன் செய்ததெல்லாம் ஒன்றுதான். தோட்டப் பள்ளிக்கூடம் விட்டதும் பற்றரியைத் தோளில் வைத்துக்கொண்டு பெற்றீசியா டீச்சரின் பின்னால் நடப்பான். பத்தடி தள்ளி. ஒரு வார்த்தை பேச மாட்டான்.

பெற்றீசியா மேட்டுப் பாதையை விட்டுக் கீழ்ப் பாதையில் போனாள். அவனும் கீழ்ப் பாதைக்கு இறங்கினான். வேலை இருப்பதாகச் சொல்லி ஆறு மணிவரை பள்ளிக்கூடத்திலேயே இருந்து பார்த்தாள். அவன் சவுக்கு மரத்தடியில் பற்றரியை இறக்கி வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து காத்திருந்தான். பொதுப் பீலித் தண்ணீரில் குளிக்கப் போவதை அவள் நிறுத்தினாள். வீட்டுக்குள் வாளித் தண்ணீர். அம்மா இல்லாத வீடு. அப்பா வியாகுலம் பெக்டரி வாச்சர், அதிகம் பேசாத மனுஷன். ஒருநாள் அவளே வாயைத் திறந்து சொன்னாள்: "அப்பா, அவன் பின்னாலயே வாரான்."

"தெரியும் புள்ள," என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "அவங்க வீட்டுல பேசிட்டாங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை பொண்ணு கேட்டு வாராங்க."

(இந்த இடத்தில் கஸ்பரை ஒரு கெட்டவனாகக் காட்ட ஆசைப்பட்டேன். மீசையைக் கொஞ்சம் முறுக்கிவிட்டேன், கண்ணைச் சிவக்க வைத்தேன். ஒட்டவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் தோட்டமே அவளுக்காக எழுந்திருக்கும். நல்லவனாக இருந்ததுதான் அவளுக்கு வந்த வினை.)

3

அந்த ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறு சாயந்திரம் ஒரு இங்கிலீஸ் படம் போட்டார்கள். சினிமாக் கொட்டகைக்கு எடுத்ததல்ல, டீவிக்கென்றே எடுத்தது. ஒருத்தி தனியாக இருக்கிறாள். ஒருத்தன் அவளைப் பின்தொடர்கிறான். அவ்வளவுதான் கதை. படத்தைப் பற்றி நேயர்கள் தபாலட்டையில் கருத்து எழுதலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டார்கள். அங்கேதான் சனி பிடித்தது.

இங்கிலீஸ் தெரிந்தது பெற்றீசியாவுக்கு மட்டும். டீவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். உள்ளே முப்பது பேர், வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் இருபது பேர், கூரையில் நான். கஸ்பர் பற்றரிக்குப் பக்கத்தில்.

"அவன் அவளைப் பயமுறுத்துறான்," என்று தொடங்கினாள் பெற்றீசியா.

"ஏம்மா, பயமுறுத்துறவனா கையில பூங்கொத்தோட வருவான்?" என்றாள் ராக்காயி. கொழுந்து எடுப்பதிலும் வாயிலும் அவளை அடிக்கத் தோட்டத்தில் ஆள் கிடையாது.

டெலிபோன் மணி அடித்தது. "எடுத்தா பேச மாட்டேங்குறான், மூச்சு மட்டும் விடுறான்," என்றாள் பெற்றீசியா.

"பாவம், கூச்சம்!"

"மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறானே, உள்ள கூப்பிட்டு ஒரு பிளேன்ரீ குடுத்தா கொறைஞ்சா போயிருவா?"

"அவளுக்கு ஆயி அப்பன் இல்லியே. யார்கிட்டப் போயி பொண்ணு கேப்பான்? அதான் பின்னாலயே போறான்."

"மொறைப் பையனா இருக்கும்."

"பாட்டு எப்ப டீச்சர்?"

பொலிஸ்காரர் ஒருவர் வந்து அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொன்னார். "ஆங், இந்தா வந்துட்டான் பாரு வில்லன்!" என்று சோலைமலை தொடையில் தட்டினார்.

(இதெல்லாம் கூரைவரை கேட்டது. நானும் மேலே இருந்தபடி அந்தப் பொலிஸ்காரரைத் திட்டினேன்.)

 திரையில் அந்தப் பெண் சொன்னதைப் பெற்றீசியா சொன்னபடியே தமிழில் சொன்னாள்: "எனக்குத் தூக்கம் வரலை. எந்தச் சத்தம் கேட்டாலும் அவனோன்னு இருக்கு. யார்கிட்டச் சொன்னாலும் சிரிக்கிறாங்க." இஸ்தோப்பில் ஒருத்தர் சிரித்தார். கஸ்பர் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், எப்போதும் அப்படித்தானே பார்ப்பான்.

4

*கடைசிக் கட்டம்:* அவன் கதவை உடைத்து உள்ளே வருகிறான். அவள் மாடிப்படியில் நிற்கிறாள். கையில் என்னமோ இருக்கிறது. கையை ஓங்குகிறாள். அந்த நேரம் பார்த்துப் பற்றரி இறங்கியது. படம் நாலு பக்கமும் சுருங்கித் தீப்பெட்டி அளவாகி, புள்ளியாகி, போயே போய்விட்டது.

"கத்தி!" என்றார்கள் பாதிப் பேர்.

"கத்தியாவது மண்ணாவது. அது அகப்பை. மனசு எளகிருச்சு, சோறு போடப் போறா," என்றார் சோலைமலை.

என்னிடம் கேட்டார்கள். கூரையில் இருந்தவனுக்கு எப்படித் தெரியும்? "அகப்பைதான்," என்றேன்.

5

நம் தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் கூட்டம், தீர்மானம், மனு. குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் பால் புளித்தாலும் கூட்டம், தீர்மானம், மனு. ஆகவே தபாலட்டைக்கும் அதே வழிதான். திங்கட்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் சோலைமலை எல்லாரையும் தன் வாசலில் கூட்டினார். மைப்பெட்டியும் வந்தது. எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைக்க.

"டீச்சர் புள்ள, எழுதிக்க," என்று மூக்குக் கண்ணாடி இல்லாமலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். "நிருவாகத்துக்கு. மேற்படி படத்தில் மழை வெயில் பாராமல் பின்னால் சென்ற ஆணுக்கு மேற்படி பெண்ணைக் கட்டிவைக்க வேண்டுமென எமது தோட்டத் தொழிலாளர்கள் ஏகமனதாகக் கோருகிறார்கள். பதினான்கு நாட்களுக்குள் நிறைவேற்றாவிடில் அடுத்த கட்ட நடவடிக்கையில் இறங்குவோம். சம்மதமானவங்க கையத் தூக்குங்க."

நான் முதல். எனக்கு அடுத்து யார் என்று கவனிக்கவில்லை. மூன்றாவதாக உயர்ந்த கை வியாகுலத்தினுடையது.

பெற்றீசியா அதைப் பார்த்தாள். பேனா 'மேற்படி பெண்ணை' என்ற இடத்தில் நின்றது.  அது படத்துக்குத் தூக்கிய கையா, ஞாயிற்றுக்கிழமைக்குத் தூக்கிய கையா? இரண்டும் ஒரே கைதான் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கஸ்பரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். பெற்றீசியா பேனாவை மூடிவிட்டு எழுந்து நின்றாள்.

(இப்போது நிற்கலாம்.)

"தலைவரே, இதை நான் எழுத மாட்டேன்."

"ஏன் புள்ள?"

"அந்தப் பொம்பளை படத்துல ஒரு தரமாவது சிரிச்சாளா?"

யாருக்கும் நினைவில்லை.

"கதவை எத்தனை தரம் பூட்டிப் பூட்டிப் பார்த்தா?"

"அஞ்சு இருக்கும்," என்றார் ஒருவர்.

"ஏழு," என்றாள் ராக்காயி. "நான் எண்ணுனேன்."

6

ராக்காயி கொழுந்தைத் தவிர எதையும் எண்ணி யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் திரும்பினார்கள். அவளுக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டாள்.

"என்னத்தப் பாக்குறீங்க? எம் பின்னாலயும் ஒருத்தன் வந்தான். உங்களுக்கெல்லாம் தெரியும்தானே. வேலைக்குப் பேரு போடுறவன். சிரிச்சா முழுப் பேரு விழும், முழுநாள் சம்பளம்; மொறைச்சா அரைப் பேரு. நான் சிரிச்சேன். ராக்காயிக்கும் அவன்மேல ஆசைன்னீங்க. நேத்து அந்த வெள்ளைக்காரி தாப்பாள் போட்டுப் போட்டுப் பாக்குறா, எனக்கு வவுத்தெரிச்சலா இருந்துச்சு. எங்க காம்பராவுக்கு அப்ப தாப்பாளே இல்ல."

 பெண்கள், அதுவரை தூக்கி வைத்திருந்த கையை ஒவ்வொருவராக இறக்கினார்கள். மைப்பெட்டிப் பக்கம் ஒருத்தி போகவில்லை. எங்கள் தோட்டத்தில் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். சோலைமலைக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

"சரி சரி. அது கெடக்கட்டும்," என்று குரலைத் தாழ்த்தினார். "கஸ்பர் தம்பி கோவிச்சுக்கிட்டா பற்றரி யாரு கொண்டாருவா? அதச் சொல்லுங்க."

(சிரிக்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் இதைத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் ஒருவர்தான் வாய்விட்டுச் சொன்னார்.)

"ஏன், கூடை நெறையக் கொழுந்து சொமந்து மேடு ஏறுற முதுகுக்கு ஒரு பற்றரி பாரமா?" என்றாள் ராக்காயி. "நான் கொண்டாரேன் போங்க!"

தபாலட்டை எழுதப்பட்டது. பெற்றீசியா எழுத, ராக்காயி சொன்னாள். சோலைமலை தன் பதினான்கு நாட்களை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அது இப்படி இருந்தது: "மேற்படி பெண்ணின் வீட்டுக்கு உறுதியான தாப்பாள் ஒன்று பதினான்கு நாட்களுக்குள் போட்டுக் கொடுக்கும்படி நிருவாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்." அட்டையில் இடம் போதாமல் முகவரியைச் சுற்றியெல்லாம் பெருவிரல் ரேகை. பதில் வரவில்லை. தபால்காரருக்கு முகவரி தெரிந்ததா என்றே சந்தேகம்.

7

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

(அ) கஸ்பர் தலையைக் குனிந்து, "டீச்சர், நீங்க பயந்தது எனக்குத் தெரியாது," என்கிறான். மறுநாளிலிருந்து வேறு பாதை.

(ஆ) கஸ்பர் பற்றரி வயரைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். ஒரு மாதம் டீவி இல்லை. ராக்காயியின் முதுகு பிடித்துக்கொள்கிறது.

(இ) கஸ்பர் மறுநாளும் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறான். இந்தத் தடவை ஐந்தடி தள்ளி.

மூன்றையும் தூக்கிக்கொண்டு போய், இன்றைக்கு வயதாகிவிட்ட பெற்றீசியா டீச்சரிடமே கொடுத்தேன். படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவைத் தேடினார். பழக்கதோஷம்.

"ஏண்ணே, மூணுலயும் அவன் என்ன செஞ்சான்னுதானே எழுதியிருக்கீங்க? அந்தப் படத்துலயும் அதானே. நான் என்ன செஞ்சேன்னு யாருக்கும் கேக்கத் தோணாதா?"

எனக்கு முகம் எரிந்தது. "சரி டீச்சர், நீங்க என்ன செஞ்சீங்க?"

"கூட்டம் முடிஞ்சு அப்பாவோட வீட்டுக்கு நடந்தேன். கொஞ்ச தூரம் ரெண்டு பேரும் பேசல. பொறகு நான் நின்னு, ஞாயித்துக்கிழமை அவங்கள வர வேணாம்னு சொல்லுங்கப்பான்னு சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது எனக்குச் சொன்ன பதில். கை தூக்கினவங்களுக்கு இல்ல."

அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. நானாக ஒரு பதிலை இட்டுக்கட்டலாம். இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் பார்க்காத படத்துக்குக் கருத்துச் சொன்னது ஒரு தரம் போதும். ஆகவே மீதியை உங்களிடம் விடுகிறேன். பட்டும் படாமல் வாசகராக நின்றுகொண்டு யோசிக்காதீர்கள், அது கூரைமேல் உட்கார்ந்திருப்பது மாதிரி. கீழே இறங்குங்கள். நீங்கள்தான் வியாகுலம். அரை மணி நேரத்துக்கு முன்னால் எல்லார் முன்னாலும் கை தூக்கியிருக்கிறீர்கள். பையன் தங்கமானவன். அவன் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பாதையில் உங்கள் மகள் நின்றுவிட்டாள், உங்கள் முகத்தையே பார்க்கிறாள், கேட்டதை இரண்டாம் தரம் கேட்க மாட்டாள்.

சொல்லுங்கள்.