வேறு வரிசை

"மெதுவா, மெதுவா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கணவனும் மெதுவாகத்தான் இழுத்தான். வெல்டிங் பட்டறையில் இரும்பை ஒட்டவும் பிரிக்கவும் தெரிந்த கை அது. ஹேர் டிரையரால் சூடு காட்டி, பிளேடு முனையை ஓரத்தில் செருகி, பிறப்புச் சான்றிதழின் மேலிருந்த பிளாஸ்டிக்கை உரித்தான். பிளாஸ்டிக் வந்தது. கூடவே குழந்தையின் பெயரில் பாதியும் முத்திரையில் முக்காலும் வந்தன.

"போச்சு. சுத்தமாப் போச்சு" என்றான்.

"நான்தான் அப்பவே வேணாம்னு சொன்னேன்ல?"

"நீ எங்க சொன்னே? மெதுவான்னுதானே சொன்னே?"

சண்டை போடவும் நேரமில்லை. கடல் தாண்டி, விமானத்தில் ஒரு பகல் போகிற தூரத்தில், அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு இன்னும் பாஸ்போர்ட் இல்லை. குழந்தையை விட்டுவிட்டு நீ மட்டும் கிளம்பு என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். பாட்டிலை வாயருகே கொண்டுபோனாலே வீடு இரண்டாகும்படி அலறுகிற பிள்ளையை யாரிடம் விடுவது? அதோடு அப்பா வேறு, "வாண்டைத் தூக்கிட்டு வா, ஒரு தடவை பாத்துக்கறேன்" என்று கேட்டிருந்தார். அதற்குமேல் அவளால் தனியாகக் கிளம்ப முடியுமா?

முந்தின நாளே பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போயிருந்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா சான்றிதழை விரல் நுனியால் திருப்பிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள்.

"லாமினேஷன் போட்டிருக்கு. வாங்கமாட்டோம்."

"பத்திரமா இருக்கட்டும்னுதாங்க..."

"பத்திரமாத்தான் இருக்கு. ஆனா முத்திரை நிஜமா பொய்யான்னு நான் எப்படித் தொட்டுப் பாக்கறது? பதிவு ஆபீஸ்ல போய்ப் புது நகல் வாங்கிட்டு வாங்க. ஆஸ்பத்திரி லெட்டர் இருக்கில்ல? அது செல்லும். ஆபத்தா இருக்கார்னு லெட்டர் இருந்தா அன்னிக்கே கொடுத்துருவோம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஆள் தவறிட்டா இந்த லெட்டர் செல்லாது. இறப்புச் சான்றிதழ் வேணும். அது வேற வரிசை. நாளாகும்."

பதிவு அலுவலகம் அதற்குள் மூடிவிட்டது. புது நகலுக்கு அலைவதைவிடப் பிளாஸ்டிக்கை உரிப்பது சுலபம் என்று கணவனுக்கு விடியும்போது ஒரு யோசனை உதித்ததன் விளைவுதான் மேசைமேல் கிடந்தது.

அந்த லாமினேஷனைப் போட்டவர் வேறு யாருமில்லை, அவளுடைய அப்பாவேதான். ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். காகிதம் எதைக் கண்டாலும் அவருக்குக் கை ஊறும். வீட்டில் மின்சாரக் கட்டண அட்டையிலிருந்து பஸ் நேர அட்டவணை வரை எல்லாம் பளபளவென்று இருக்கும். "ஒரே எடத்துல ரொம்ப நேரம் உக்காந்தேன்னா என்னையும் உறைக்குள்ள போட்டு ஒட்டிருவார்" என்று அம்மா இருந்தவரை சொல்லிச் சிரிப்பாள். பேத்தியைப் பார்க்க வந்தபோது மனிதர் பெட்டியில் துணியைக் குறைத்துக்கொண்டு சின்ன லாமினேஷன் மிஷினைக் கொண்டுவந்தார். திரும்பிப் போவதற்கு முன் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, சமையலறையில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டிக் கொடுத்தார். அவளும் அழகாக இருக்கிறதென்று சொன்னாள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

பதிவு அலுவலக வரிசையில் நின்றபோது கணவன் முணுமுணுத்தான். "உங்கப்பாவுக்குக் கை சும்மாவே இருக்காதா?"

"இப்ப அதைச் சொல்லி என்னங்க ஆகப்போகுது?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்காதீங்க."

குழந்தை அவள் தோளில் முகத்தைத் தேய்த்துச் சிணுங்கியது. வரிசை அசையவேயில்லை. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அவளுக்குப் பகீரென்றது. இந்த முறை தம்பி.

"அக்கா, அப்பா உன்கிட்டப் பேசணுங்கறார். மூச்சு வாங்குது, ரொம்பப் பேச விடாதே."

கொஞ்ச நேரம் ஆக்ஸிஜன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அப்பா.

"பாஸ்போர்ட்... வந்துச்சாம்மா?"

"இன்னிக்கு வந்துரும்ப்பா. எல்லாம் முடிஞ்ச மாதிரிதான்."

"பேப்பரெல்லாம் சரியா இருக்கா? சர்டிபிகேட்டு... நான் போட்டுக் கொடுத்தேனே."

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் தரையைப் பார்த்தான்.

"அதைப் பாத்துட்டுத்தான்ப்பா அந்த ஆபீஸம்மா எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. சர்டிபிகேட்னா இப்படி வச்சிருக்கணும்னு சொன்னாங்க. யார் போட்டதுன்னு வேற கேட்டாங்க."

"நாலு ஓரமும்... காத்து போகாம ஒட்டியிருக்கேன்" என்றார் அப்பா. அதற்குமேல் இருமல் வந்துவிட்டது. தம்பி போனை வாங்கினான்.

"என்னக்கா சொன்னே? சிரிக்கறார்."

போனை வைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணவன் குழந்தையை வாங்கிக்கொண்டான். பிறகு நேரே ஜன்னலுக்குப் போய், வரிசையில் நின்றவர்கள் கத்தக் கத்த, எழுத்தரிடம் ஏதோ கெஞ்சினான். யாரிடமும் தலை குனியாதவன். பட்டறையில் முதலாளியோடு சரிக்குச் சரி நிற்கிறவன். நகல் கைக்கு வந்தபோது அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் அதே அம்மாதான் இருந்தாள். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டே இவள் எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரம்மா புது நகலின் முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். குழந்தையின் படத்தையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கையில் எடுத்தபோது, எதிரே இவள் மடியிலிருந்த பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது.

அது நின்றது. உடனே மறுபடியும் அதிர்ந்தது.

தம்பி அப்படி விடாமல் அடிக்கிறவன் இல்லை. எடுக்கவில்லை என்றால் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பான். பையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"போன் அடிக்குதே, பேசிட்டு வாங்கம்மா. ஒண்ணும் அவசரமில்லை."

"பரவால்லைங்க. அப்புறம் பேசிக்கறேன்."

"முக்கியமா இருக்கப் போகுது."

"இல்லைங்க. வீட்டு ஓனரு."

கண்ணாடிக்காரம்மா கடிதத்தின் தேதியைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா இப்ப எப்படி இருக்கார்?"

பக்கத்து நாற்காலியில் கணவனுடைய சட்டைப் பையிலும் போன் அடித்தது. அவன் அதை உள்ளங்கையால் பொத்தி, நெஞ்சில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"இருக்காருங்க" என்றாள் அவள்.

கண்ணாடிக்காரம்மா அவள் அழுத்திப் பிடித்திருந்த பையையும் அவன் நெஞ்சிலிருந்த கையையும் பார்த்தாள். பிறகு கடிதத்தின் மேல் முத்திரையைக் குத்தினாள்.

"போய் அங்க உக்காருங்க. அடிச்சுத் தந்துருவாங்க. சீக்கிரம் போய்ச் சேருங்கம்மா."

சுவரோரத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்க வேண்டியிருக்கும், கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். பையில் போன் நின்று நின்று அதிர்ந்தது. அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். அப்பா கடைசியாகச் சிரித்தார், அது நான் சொன்ன பொய்க்கு என்று நினைத்தாள். நல்ல பொய்தான் சொன்னேன் என்றும் நினைத்தாள். இருக்கார் என்று சொன்ன இந்த இரண்டாவது பொய்யைத்தான் தாங்க முடியவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். குழந்தையின் பெயரை முழுசாக, ஒலிபெருக்கியில். அவள் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. அலுவலகப் படிகள் அத்தனையும் இறங்கி, கேட்டைத் தாண்டி, நடைபாதைக்கு வந்த பிறகுதான் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"எங்கக்கா போயிட்டே? எவ்வளவு நேரமா..." மேலே பேச அவனால் முடியவில்லை.

"பாஸ்போர்ட் வந்துருச்சுடா" என்றாள்.

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டே நின்றாள். பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"இங்க எல்லாரும் கேக்கறாங்க" என்றான் தம்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னிக்கே எடுத்துரலாமா, இல்ல..."

"வச்சிருங்க" என்றாள். "நான் வாண்டைத் தூக்கிட்டு வர்றேன். வர்ற வரைக்கும் வச்சிருங்கடா."

கணவன் டாக்ஸி வருகிறதா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இடுப்பிலிருந்த குழந்தை, அவன் கையிலிருந்த புதுப் பாஸ்போர்ட்டை எட்டிப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய், ஓரத்தை ஈறால் கடித்தது. அட்டையில் எச்சில் வழிந்தது. இருவரும் பார்த்தார்கள். யாரும் பிடுங்கவில்லை.