எழுபது டிகிரி மாமனார்

மாமனார் மூன்றாவது முறையாகக் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிய அன்று சின்னவளிடமிருந்து பெரியவளுக்குப் போன் வந்தது. தன் புருஷனும் கேட்கட்டும் என்றே பெரியவள் அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, அப்பாவுக்கு என் மூஞ்சியப் பார்க்கப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடச் சொல்லு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடறேன். அன்னைக்கும் பாதியில கட் பண்ணினா அதோட சரி. இனிமே கூப்பிட மாட்டேன்.”

சின்னவள் தானே பார்த்து ஒருவனைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. இப்போதுதான், அக்காள் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில், கம்ப்யூட்டர் வழியாக மகள் முகத்தைப் பார்க்க ஒத்துக்கொண்டிருந்தார். மகளுக்குக் கேட்க இருந்தது ஒரே கேள்வி: நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வரலாமா? அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வாய்வரைக்கும் வரும். “அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்பாள். “இரும்மா, சூடாயிடுச்சு” என்பார் அப்பா. அவ்வளவுதான், திரை இருண்டுவிடும்.

இந்த வினைக்கெல்லாம் மூலகாரணம் மாப்பிள்ளை, பெரியவளின் புருஷன். வீட்டோடு மாப்பிள்ளை. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். மாமனாருக்கென்று தன் கையாலேயே பாகங்களைச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தான். அதோடு சிவனே என்று இருந்திருக்கலாம். தன் கைவரிசையைக் காட்ட வேண்டுமே, அதனால் பிராசஸர் எத்தனை டிகிரி சூட்டில் ஓடுகிறது என்று திரையின் மூலையில் காட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குட்டி புரோகிராமையும் போட்டுவைத்தான். மாமனார் ஊர் ஊராகத் தொழிற்சாலைகளுக்குப் போய் பாய்லர் சோதித்து ஓய்வு பெற்றவர். மீட்டர் முள் ஏறினால் முதலில் நிறுத்து, பிறகு கேள்வி கேள் என்றே வாழ்ந்தவர். அந்த மனிதர் கண்ணெதிரே ஓடும் எண்ணை வைத்துவிட்டு அவரிடம் பாசத்தை எதிர்பார்த்தால் எப்படி?

எண் எழுபதைத் தாண்டினால் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். எழுபது என்ற எல்லையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவரே வைத்துக்கொண்டது.

“மாமா, அது வெடிக்கல்லாம் வெடிக்காது. ரொம்ப சூடானா தானா அணைஞ்சுக்கும்” என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தான்.

“எல்லா பாய்லர்லயும் அப்படித்தான் எழுதி ஒட்டியிருப்பாங்க மாப்பிள்ளை.”

“அப்ப அந்த புரோகிராமையே எடுத்துடறேன்.”

“மீட்டரைக் கழட்டிட்டா சூடு குறைஞ்சிடுமா?”

மாப்பிள்ளை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். கூடுதலாக ஒரு ஃபேன் மாட்டினான். எண் இரண்டு குறைந்தது, இரைச்சல் இரண்டு மடங்கானது. கடைசியில் மாமனாரே வழி சொன்னார். “ஒரே மீட்டரை நம்பி நான் என்னைக்கும் வேலை பார்த்ததில்ல. வெளியிலேர்ந்து ரெண்டாவது மீட்டர் வெச்சுப் பாருங்க. ரெண்டையும் ஒத்துப் பார்த்து முடிவு பண்ணலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை கடையிலிருந்து ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கொண்டுவந்தான். அதிலிருந்து மெல்லிய கம்பி நீண்டு, நுனியில் அரிசி அளவுக்கு ஒரு புரோப் இருந்தது. மாமனார் அதை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“இது சரியா காட்டுதுன்னு யார் சொன்னது?”

மாப்பிள்ளைக்குத் தலை சுற்றியது. மீட்டரைச் சோதிக்க ஒரு மீட்டர், அந்த மீட்டரைச் சோதிக்க என்ன? ஐஸும் வெந்நீரும் என்றார் மாமனார். உடைத்த ஐஸில் பூஜ்யம், கொதிக்கிற தண்ணீரில் நூறு. இயற்கை லஞ்சம் வாங்காது என்பது அவர் கட்சி. ஆக அடுப்பங்கரை பறிபோனது. சமைக்க வந்த பெரியவள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

“டிபன் செய்யணுமா வேண்டாமா?”

“கொதி நின்னுடும், பேசாம இரும்மா.”

ஐஸில் பூஜ்யத்துக்கு மேல் ஒரு சிட்டிகை. கொதிநீரில் நூறுக்குக் கீழே ஒரு சிட்டிகை. மாமனார் புரோப்பைத் துடைத்துக்கொண்டே, “யோக்கியமான மீட்டர்தான்” என்றார். மாப்பிள்ளையைப் பற்றி அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை இதுவரை வந்ததில்லை. அவனுக்கு மீட்டரைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தார்கள். மாமனார் உத்தரவுப்படி அதை முந்தின நாளே அணைத்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பக்கவாட்டுத் தகடைக் கழற்றி, பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கட்டியின் அடியில் புரோப்பை வைத்து டேப் ஒட்டினான். பெரியவள் எட்டிப் பார்த்தாள்.

“நீ வெளிய போம்மா. ஒரு ஆள் நின்னா நூறு வாட் சூடு.”

“பிறந்த நாள்லேர்ந்து இந்த வீட்டுக்கு நான் ஹீட்டராத்தான் இருந்திருக்கேன் போல” என்று அவள் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். போகவில்லை, நின்றாள்.

அறையில் இருபத்தேழு டிகிரி. புரோப்பும் இருபத்தேழே காட்டியது. மாப்பிள்ளை கம்ப்யூட்டரை எழுப்பினான். திரை வந்தது, மூலையில் எண்ணும் வந்தது. நாற்பத்தொன்பது. புரோப்பைப் பார்த்தான். இருபத்தெட்டு.

ராத்திரி முழுக்கத் தூங்கிய இயந்திரம் கண் விழித்த நிமிஷத்தில் நாற்பத்தொன்பதில் கொதிக்காது. “உள்ள இருக்கிற மீட்டர் பொய் சொல்லுது” என்றார் மாமனார். சொந்தத்தில் ஒருவர் திருடி மாட்டிக்கொண்ட செய்தியைச் சொல்வதுபோல் சொன்னார்.

மாப்பிள்ளை புரோகிராமின் உள்ளே போய்த் துழாவினான். அந்த புரோகிராம் சூட்டை நேராகச் சொல்வதில்லை. பிராசஸர் தாங்கக்கூடிய உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்று பார்த்து, வரம்பிலிருந்து கழித்துச் சொல்லும். அந்த வரம்பை யாரோ வேறொரு பிராசஸருக்கு உரியதாக, இருபது டிகிரி கூட்டி வைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ. இந்த வீட்டில் அதைத் தொட்ட ஆள் ஒருவன்தான். சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று மவுஸை நகர்த்தினான். தோளுக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி வந்துவிட்டது.

“அதை யார் போட்டது?”

“நான்தான் மாமா.”

மாமனார் “ம்” என்றார். கதவுப் பக்கமிருந்து வந்தது அத்தனை சுருக்கமாக இல்லை.

“அப்ப மூணு தடவை என் தங்கச்சிய அழ வெச்சது நீங்களா? நான் பாவம், எங்கப்பாவைத் திட்டிட்டு இருந்தேன்.”

மாப்பிள்ளை வரம்பைத் திருத்தினான். நாற்பத்தொன்பது இருபத்தொன்பதானது. அதற்குமேல் சிரமம் கொடுத்துப் பார்க்க, ஒரே நேரத்தில் இரண்டு வீடியோக்களை ஓட்டினான். எண் மெல்ல ஏறி ஐம்பத்தொன்றில் நின்றது, பழைய கணக்கில் எழுபத்தொன்று. நின்றது நின்றதுதான்.

மாமனார் இப்போது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். “இன்னொரு வீடியோ போடுங்களேன்” என்றார். போட்டான். ஏறவில்லை. “ஜன்னலைச் சாத்திப் பார்க்கலாம்” என்றார். சாத்தினார்கள். வேர்த்தது மனிதர்களுக்குத்தான். பழக்க தோஷத்தில் புறங்கையை அலுமினியத்தின் மேல் வைத்து, “நாப்பத்தஞ்சு” என்று முணுமுணுத்தார். மாப்பிள்ளை தெர்மாமீட்டரைப் பார்த்தான். நாற்பத்தைந்து.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“மாமா, முன்னாடி பிளக்கைப் பிடுங்கினப்பல்லாம், பின்னாடி வர்ற காத்துல கை வெச்சுப் பார்க்கலையா?”

மாமனார் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. “தகடை மாட்டுங்க மாப்பிள்ளை, தூசி விழுது” என்றார்.

கை பொய் சொல்லாது, அது அவருக்கு முதல் நாளே தெரியும். மகள் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. வா என்றால் இரண்டு வருஷக் கோபம் என்ன ஆவது? வராதே என்று சொல்ல வாய் வருமா? ஒவ்வொரு முறையும் திரையின் மூலையில் ஓர் எண் ஏறி வந்து கை கொடுத்தது. அந்த எண்ணை மாப்பிள்ளை இப்போது திருத்திவிட்டான். பிசகாகப் போட்டதுகூட அவனுக்கு இத்தனை உறுத்தவில்லை. சரி செய்ததுதான் உறுத்தியது.

சாயங்காலம் அழைப்பு வந்தது. மாமனார் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெரியவள் பக்கத்தில் நின்றாள், மாப்பிள்ளை ஸ்விட்சுக்கு அருகில் நின்றான். சாப்பிட்டாச்சா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்லை என்று கொஞ்ச நேரம் போனது. பிறகு சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

மாமனார் கண் மூலைக்குப் போனது. ஐம்பத்தொன்று. பார்த்துக்கொண்டே இருந்தார். பயந்து பார்க்கிற பார்வை இல்லை அது. பஸ் வருமா என்று பார்க்கிற பார்வை. எண் அசையவில்லை. அவர் கை தானாக நீண்டு பிளக்கைப் பிடித்தது. மாப்பிள்ளைக்கு அந்தக் கையைத் தட்டிவிடலாமா என்று வந்தது, துணிச்சல் வரவில்லை. பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையில் சின்னவளும் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். அவள் அழவில்லை. மூன்று முறை அழுதாகிவிட்டது.

“சூடாயிடுச்சாப்பா?” என்று கேட்டாள். “பரவால்லப்பா, அணைச்சிடுங்க.”

அவர் பிளக்கைப் பிடித்தபடியே இருந்தார். தலையாட்டினால் போதும். மீட்டரைப் பற்றி அவர் சொல்வதை அந்த வீட்டில் யாரும் மறுத்துப் பேசப்போவதில்லை, மாப்பிள்ளை உட்பட. ஆனால் அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு மீட்டரையும் தப்பாகப் படித்துச் சொன்னதில்லை.

“இல்லம்மா” என்றார். “ஐம்பத்தொண்ணுதான் இருக்கு.”

பிளக்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நீ கேளும்மா.”