ஜீப்பை மறிக்காதவன்

1964 ஜூலை 11, சனிக்கிழமை, பகல் பதினொன்றே முக்காலுக்கு, இலஞ்சிக்கு மேற்கேயுள்ள கல்குவாரியில் இசக்கிப்பாண்டியின் கையிலிருந்த வெடிக்கேப்பு வெடித்தது. இடது கையில் மூன்று விரல்கள் போயின.

பாறைத் துளையில் மருந்தைப் பற்றவைக்கும் விரல் நீள உலோகக் குழல் அது. பேட்டரியில் இணைத்தால்தான் வெடிக்கும் என்று குவாரியில் பலர் நினைத்தார்கள். அருகில் ஒயர்லெஸ்ஸில் பேசினாலும் அதன் இரு கம்பிகளில் மின்சாரம் ஏறக்கூடும் என்பது உரிமம் வைத்திருந்த இசக்கிப்பாண்டிக்குத் தெரியும். கம்பி முனைகளைச் சேர்த்து முறுக்கியே வைத்திருப்பார். இணைப்புக் கொடுக்கப் பிரிக்கும்போது மைத்துனன் சுந்தரபாண்டி மேலே சாலையில் சிவப்புக்கொடியோடு நிற்க வேண்டும். ஏரியல் வைத்த வண்டி வந்தால் மறித்து விசில் ஊத வேண்டும்.

அன்று அவர் கம்பியைப் பிரித்திருந்த நேரத்தில், குற்றால சீசன் பந்தோபஸ்துக்குப் போன போலீஸ் ஜீப் குவாரிப் பள்ளத்துக்கு மேலேயே சாலையில் நின்றது. உள்ளிருந்தவர் ஒயர்லெஸ்ஸில் பேசினார்.

தென்காசி ஆஸ்பத்திரியில் சுந்தரபாண்டி அழுதான். "அத்தான், பெரிய அதிகாரி உக்காந்திருந்தாரு. கொடியக் கக்கத்துல வச்சிக்கிட்டு சலாம் போட்டுட்டேன்."

"விசிலாவது ஊதியிருக்கலாம்லா லே?"

"சலாம் போடுத கையில விசில் இருந்துச்சு. விசாரணையில நானே சொல்லிருதேன் அத்தான்."

உரிமம் போனால் இசக்கிப்பாண்டிக்கு வேறு தொழில் தெரியாது. உரிமம் தங்குமா என்று மனைவி சந்தனமாரி கேட்டபோது, "நடந்தத ஒந் தம்பி சொல்லுவான்ட்டி" என்றார்.

ஆகஸ்ட் 3ஆம் தேதி குவாரிக் கொட்டகையில் விசாரணை நடந்தது. போலீஸ் ஜீப் என்ற பேச்சே வரக்கூடாது என்றிருந்தார் முதலாளி. சுந்தரபாண்டிக்கு மேஸ்திரி வேலை தருவதாகவும் சொல்லியிருந்தார். அது இசக்கிப்பாண்டிக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஏதாவது ஜீப் வந்ததா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"ஒரு வண்டியும் வரலய்யா," என்றான் சுந்தரபாண்டி. "அத்தான் கேப்புக் கம்பிய பேட்டரியில வச்சுப் பாத்தாரு. வேண்டாம்னேன், கேக்கல."

இசக்கிப்பாண்டி எழுந்துவிட்டார். "ஏலே, நீ ரோட்டுல நின்ன. நான் பள்ளத்துல கெடந்தேன். எங்கன இருந்துலே பாத்த?"

"ரோட்டுக்கு இவரு என்னை அனுப்பவே இல்லய்யா. பக்கத்துலதான் நின்னேன்."

வாசலில் நின்ற சந்தனமாரி சத்தம் போட்டாள். "அப்ப ஆஸ்பத்திரியில மூக்கச் சிந்துனவன் எவம்லே?"

தம்பி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு முதலாளி பக்கம் போய் நின்றான்.

செப்டம்பர் 21ஆம் தேதி இசக்கிப்பாண்டியின் உரிமம் ரத்துசெய்யப்பட்டது.