அங்கே போய் அடிங்க

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்தபோது லிஃப்ட் மெக்கானிக்கின் மகளுக்குப் பத்தொன்பது வயது. நர்சிங் படிப்பில் இரண்டாம் வருடம். ஒரே பிள்ளை. மூன்றாம் நாள் பிணவறை வாசலில் யாரோ ஒருவன் மைக்கை நீட்ட, மெக்கானிக் அழுதுகொண்டே சொன்னார்: "எவன் அனுப்பினானோ அவன் நாட்டுக்கே போய் அடிங்க. அங்கே போய் அடிங்க. அப்பத்தான் இன்னொரு வீட்டுல இந்த அழுகை கேக்காது."

அவ்வளவுதான். பன்னிரண்டு விநாடிகூட இராது. அதை டிவிக்காரர்கள் காலையிலும் மாலையிலும் ஓட்டினார்கள். ஒரு மந்திரி மேடையில் திரை கட்டிப் போட்டுக் காட்டினார். இரண்டு மாதத்தில் கப்பல்கள் கிளம்பின. அவர் சொல்லாவிட்டாலும் கிளம்பித்தான் இருக்கும், அது அவருக்கும் தெரியும். ஆனால் டீக்கடையில் அவருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். லிஃப்டில் ஏறுகிறவர்கள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. இதை அவர் மனைவியிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

அவருக்கு ஒரு தம்பி. பதினான்கு வயது இளையவன். டயர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். செத்துப்போன பெண்ணைத் தோளில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். கப்பல் கிளம்பிய மறுவாரம் படையில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான்.

"நீங்க சொன்னதை யாராவது செய்யணும்ல அண்ணா?"

மெக்கானிக் அவனைக் கட்டிக்கொண்டார். அவருடைய மனைவிதான் கையிலிருந்த பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். "அது அவர் புலம்பினது தம்பி. பெத்த வயிறு எரியும்போது வாய் என்னத்தையோ சொல்லும். அதைக் கேட்டுக்கிட்டுப் பெட்டி கட்டுவீங்களா?"

"இல்ல அண்ணி. அங்கே அவனுங்க ஓடிக்கிட்டே இருந்தா இங்கே வர நேரம் இருக்காது. கணக்கு அவ்வளவுதான்."

ஏறக்குறைய நாலு வருடம் கழித்து அந்தக் கணக்குப் போட்டவன் மூன்று மாத விடுப்பில் வந்தான். கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டான். தட்டைப் போட்டால் சாப்பிடுவான், போடாவிட்டால் கேட்க மாட்டான். அண்ணி ஒருநாள் சிரிக்க வைக்கப் பார்த்து, "என்ன தம்பி, பெண் பார்க்கட்டுமா, இல்ல அங்கேயே ஒண்ணைப் பார்த்து வச்சிருக்கீங்களா?" என்றாள். அவன் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். அரை மணி நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அடைந்து கிடக்கிறானே என்று மெக்கானிக் அவனை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பதினோரு மாடிக் குடியிருப்பு ஒன்றில், லிஃப்ட் தளத்துக்குச் சரியாக நிற்காமல் நாலு விரற்கடை தாண்டி நின்றது. பகல் பன்னிரண்டு மணி. மொட்டை மாடியில் மோட்டார் அறை அடுப்பு மாதிரி கொதித்தது. மெக்கானிக் மெயினை அணைத்துவிட்டு பிரேக்கைப் பிரித்தார். தம்பி டார்ச் பிடித்தான். பிரேக் கட்டையின் லைனிங் தேய்ந்து வழவழவென்று பளபளத்தது.

"பாரு, பிடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. நிக்கணும்னு அதுக்கு ஆசைதான். எப்படி நிக்கும்?" என்றார்.

டார்ச் வெளிச்சம் விலகியது. நிமிர்ந்து பார்த்தார். தம்பியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அந்தக் காருக்கும் பிரேக் இல்ல அண்ணா," என்றான்.

அப்புறம் நிறுத்தாமல் சொன்னான். சோதனைச் சாவடியில் நிற்கிறான். இறக்கத்தில் ஒரு பழைய கார் வருகிறது. நிறுத்து என்று கை காட்டுகிறான், வானத்தில் சுடுகிறான், அது நிற்கவில்லை. மேலிடத்து உத்தரவு என்னவோ அதன்படி அடுத்ததைக் காரின் மேல் சுட்டான். கார் கல்லில் மோதி நின்றது. முன்சீட்டில் ஒரு பெண். பின்னால் இரண்டு குழந்தைகள். ஓட்டியவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவன் இறங்கி வந்து, பிரேக்கை மிதிப்பதுபோலக் காலால் தரையை மிதித்து மிதித்துக் காட்டினான். இவன் போய்ப் பெடலை அமுக்கிப் பார்த்தால் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது.

"பிறகு அவன் கத்த ஆரம்பிச்சான் அண்ணா. என் பக்கம் கையைக் காட்டினான். அப்புறம் கடல் பக்கம் கையைக் காட்டினான். திரும்பத் திரும்ப. சுத்தி ஒரு கூட்டம், எல்லாம் வயசுப் பசங்க, அப்படியே கேட்டுக்கிட்டு நின்னானுங்க. அவன் பாஷை எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனா என்ன சொன்னான்னு தெரியும். நீங்க டிவியில சொன்னதைத்தான் சொன்னான்."

மெக்கானிக்குக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. "யார்கிட்டயாவது சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

"உங்ககிட்ட சொல்றேன்."

அன்று புது லைனிங் போட்டு, லிஃப்டை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு தளத்திலும் இருவருமாக நிறுத்திப் பார்த்தார்கள். சரியாக நின்றது.

அடுத்த வாரம் டிவி நிலையத்திலிருந்து அழைத்தார்கள். குண்டு வெடித்து நாலு வருடம் நிறைகிறது, 'கடல் தாண்டிய போர் நம் வீட்டைக் காத்ததா?' என்று விவாதம், பெண்ணைப் பறிகொடுத்த தகப்பனார் அவசியம் வரவேண்டும் என்றார்கள். மனைவி வேண்டாம் என்றாள்.

"போய் அன்னைக்குச் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கிட்டு வந்துடறேன்."

"கடையில எடுத்த சட்டையா அது, அளவு சரியில்லன்னு திருப்பிக் குடுக்க?" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பிகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

"பேர் சொல்ல மாட்டேன்."

"உங்களுக்கு எத்தனை தம்பி?"

அவர் சட்டைக்கு இஸ்திரி போடப் போனார்.

நிலையத்தில் முகத்துக்கு மாவு பூசி, பெரிய மேசை முன் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் ஓய்வுபெற்ற தளபதி. இன்னொரு பக்கம் கல்லூரிப் பேராசிரியை. தளபதி நல்ல மனிதராக இருந்தார். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டு லிஃப்ட் மழைநாளில் மட்டும் மக்கர் பண்ணுவது ஏன் என்று கேட்டார். "அடிப் பள்ளத்துல தண்ணி இறங்குதான்னு பார்க்கச் சொல்லுங்க சார்," என்றார் மெக்கானிக்.

விளக்கு எரிந்ததும் முதலில் ஓட்டியது அந்தப் பழைய பன்னிரண்டு விநாடியைத்தான். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாலு வருஷம்," என்றார் தளபதி. "இந்த மண்ணுல ஒரு குண்டு வெடிச்சுதா? எதிரியை அவன் வாசல்லயே மடக்கிட்டோம். அதான் இங்கே பிள்ளைங்க பஸ் ஏறிப் போய்ட்டு வருது."

"வெடிக்கலை சார். வைக்கறதுக்கு முன்னாடி பிடிபட்டவங்க பதினோரு பேர்," என்றார் பேராசிரியை. "கடல் தாண்டி வந்தவன் அதுல ஒருத்தன்கூட இல்ல. எல்லாம் இங்கேயே பிறந்து, இங்கேயே படிச்சவங்க. ஏன் செய்யப் போனேன்னு கேட்டா, அந்தப் போரைத்தான் சொன்னாங்க. அவங்களைப் பிடிச்சதும் படை இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லி, போலீஸ் பிடிச்சது."

"போர் இல்லாமலே குண்டு வெடிச்சுதே அம்மா, அதுக்கு முன்னாடி? அப்ப என்ன காரணம் சொன்னான்?"

"ஒரு காரணம் இருந்துச்சு. இப்ப ரெண்டாக்கிட்டோம்."

இருவரும் விடாமல் மோதிக்கொண்டார்கள். தளபதி சொல்லும்போது அதுவும் சரியாகப் பட்டது மெக்கானிக்குக்கு. பேராசிரியை சொல்லும்போது அதுவும் சரியாகப் பட்டது. தன் பெண் அந்த மேசை மேல் ஒரு புள்ளிவிவரத் தாளாகக் கிடப்பதுபோல இருந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கிறார்கள். அப்போது நடத்துகிறவர் அவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஐயா, நீங்க சொல்லுங்க. இன்னைக்கு நிம்மதியாத் தூங்கறீங்களா?" என்றார்.

மெக்கானிக் பேச வாயெடுத்தார். திருப்பி வாங்க வேண்டிய வார்த்தைகளை வீட்டிலேயே யோசித்துத்தான் வைத்திருந்தார். ஆனால் வந்தது வேறு. "அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தன் இருக்கான் சார். அவன் கார்ல பிரேக் இல்ல..." என்று தொடங்கி, இறக்கம், பெண், இரண்டு குழந்தைகள், கடல் பக்கம் நீண்ட கை, கேட்டுக்கொண்டு நின்ற பையன்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "உங்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்று நடத்துகிறவர் கேட்டார். "சுட்டது என்..." என்றவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன பயன்? போர் தொடங்கிய புதிதில் இதே நிலையம்தான் அவருடைய தம்பி சீருடையில் கப்பல் ஏறியதைப் படம் பிடித்துப் போட்டது.

"மிக உருக்கமான தருணம். ஒரு சிறு இடைவேளை," என்றார் நடத்துகிறவர்.

வெளியே வரும்போது தாழ்வாரத்தில் தளபதி அவரை ஓரமாக அழைத்தார். கோபம் இல்லை. களைத்துப்போன முகம். "நானும் இந்த மாதிரி கார்களைப் பார்த்தவன்தான். ஆனா நீங்க இதைச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்காகச் சொல்லலை. உங்க தம்பிக்காகச் சொல்றேன்."

வீட்டில் தம்பி டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அண்ணி சுவரோரம் நின்றிருந்தாள். தம்பி கத்தவில்லை.

"உங்ககிட்டதானே அண்ணா சொன்னேன்," என்றான்.

"நான் சொன்னதைத் திருப்பி..."

"நீங்க சொன்னதை நீங்க திருப்பி எடுத்துக்கோங்க. நான் சொன்னதை ஏன் எடுத்தீங்க?"

மெக்கானிக் செருப்பைக் கழற்றாமலே திரும்பி வாசல்படியில் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் பதினோரு மாடிக் குடியிருப்பின் செயலாளர், வேறு ஆளை அனுப்பச் சொல்லி கம்பெனிக்குப் போன் செய்தார். கம்பெனி மெக்கானிக்கை உதிரிப்பாகக் கிடங்குக்கு மாற்றியது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலாம் நாள் தம்பிக்கு விசாரணைக் கடிதம் வந்தது.

கூடப் போனார். உள்ளே விடவில்லை. வெளியே மர பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சிறையில் போடுவார்களோ, கொலை வழக்கு வருமோ என்று நினைத்தார். அதோடு இன்னொன்றும் நினைத்தார். இப்படியாவது அந்தக் கார் விஷயம் ஒரு தாளில் ஏறுமே, யாராவது அந்த மனிதனைப் போய்ப் பார்ப்பார்களே என்று. தம்பி வெளியே வந்தான்.

"என்ன கேட்டாங்க?"

"வெளியில பேச யார் அனுமதி குடுத்தாங்கன்னு கேட்டாங்க. வேற யார்கிட்ட சொன்னேன்னு கேட்டாங்க."

"காரைப் பத்தி?"

"கேக்கவே இல்ல."

"ஒண்ணுமேவா?"

"நானா சொல்ல ஆரம்பிச்சேன். அது இந்த விசாரணையில வராதுன்னுட்டாங்க." கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தான். "விடுப்பு ரத்து. திங்கட்கிழமை கிளம்பணும். அதே சாவடிக்குத்தான்."

அந்த மூன்று நாளும் அண்ணி அவன் துணிகளைத் துவைத்து, பித்தான் தைத்து, பெட்டியில் அடுக்கினாள். கணவனோடு பேசவில்லை. மெக்கானிக் தளபதியின் வீட்டைத் தேடிப் போய்க் கெஞ்சினார். தளபதி இரண்டு இடங்களுக்குப் போன் செய்தார். பிறகு போனை வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை காலை தம்பி அண்ணியின் காலைத் தொட்டான். அண்ணனிடம், "போய்ட்டு வரேன்," என்றான். போன தடவை கட்டிக்கொண்டவர் இந்தத் தடவை கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவன் பெட்டியைத் தூக்கப் போனார். அவன் தானே தூக்கிக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்து, கிடங்கில் ரோலர்களை எண்ணெய் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது பேராசிரியை போன் செய்தார். அன்றைக்கு மெக்கானிக் பேசியது மிகத் துணிச்சலானது என்றார். போர் நம்மைக் காக்கவில்லை என்பதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை, தன் கட்டுரையில் அதைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்றார்.

மெக்கானிக் கையிலிருந்த ரோலரைக் கீழே வைத்தார். "அந்தக் குழந்தைங்க பேர் என்னன்னு தெரிஞ்சுதா அம்மா?"

"இல்லீங்க. விசாரிக்கலை. கட்டுரைக்கு அது அவ்வளவா..."

"அந்த ஆளு இப்ப என்ன பண்றான்?"

"அதெல்லாம் தெரிஞ்சுக்க வழியில்லைங்க. நீங்க சொன்னதே போதும்."

"சேர்த்துக்கோங்க," என்றார் மெக்கானிக். "எல்லாரும் சேர்த்துக்கிட்டீங்க. நீங்களும் சேர்த்துக்கோங்க."

போனை வைத்துவிட்டு அடுத்த ரோலரை எடுத்தார்.